அக்கியும் உயிரணுவின் காலக்கணக்கும்

அக்கி நம் மக்கள் நன்கறிந்த நோய். பொன்னமராவதி வட்டாரத்துச் சிற்றூர்களிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும், அக்கி கண்டவர் மண்பாண்டம் வனையும் வேளாரிடம் சென்று, காவி குழைத்து ‘அக்கி எழுதி’ வருவது நெடுநாள் வழக்கம். அக்கொப்புளங்களுக்குப் பின்னே நிகழ்வது யாது என்பதை இங்குக் காண்போம்.

உடலின் ஒரு பக்கத்தில் பட்டைபோல் எழும் அக்கிக்குக் காரணம், சின்னம்மையைத் தரும் அதே வைரஸ். இளமையில் வந்த அம்மை இறங்கிய பின்னும் அது உடலைவிட்டு நீங்குவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பணுத் திரள்களில் உறங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ, நோயெதிர்ப்பாற்றல் குன்றும்போதோ விழித்தெழுந்து, நரம்பின் வழியே தோலை அடைகிறது. எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1965இல் இவ்விளக்கத்தை முன்வைத்தார்.

நரம்பணு நெடுங்காலம் வாழ்வது; பிரியாதது. ஒளிந்திருக்க அது நல்லிடம். பெருகுதற்கோ அரிய இடம். ஏனெனில் உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன், வளர்ச்சி நிலை கடந்து ஆக்க நிலையை எய்தித் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும். அதற்கான மூலப்பொருள் அந்நிலையில்தான் மிகுதியாகத் திரளும். பிரியாத உயிரணுவில் அது குறைவு. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த அக்கி வைரஸோ, தைமிடின் கைனேஸ் முதலான நொதிகளைத் தன் மரபுக் குறிப்பைக் கொண்டே ஆக்கிக்கொண்டு அக்குறையை நிரப்புகிறது. அதன் உறவான உதட்டுக் கொப்புள வைரஸ், தான் பெருகும் உயிரணுவை ஆக்க நிலைக்கு முன்பே தடுத்து நிறுத்துகிறது. வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, விருந்தாளி தனக்கென உலை வைப்பது போன்றது இது!

இதற்கு நேர்மாறானது, 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ். அது ஓய்ந்திருக்கும் வெள்ளணுக்களைப் பிரியுமாறு தூண்டுகிறது. உயிரணு படியெடுக்குந்தோறும் தானும் உடன் படியாகிறது. பெரும்பாலோரிடம் எதிர்ப்பாற்றல் அதை அடக்கிவைக்கும். அடங்காதவிடத்துச் சில புற்றுநோய்களுக்கு அது வித்தாகிறது. நாகாலாந்தில் மிகுதியாகக் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் இவ்வைரஸோடு தொடர்புடையது.

அக்கி வைரஸின் தனி நொதியே அதற்குப் பகையும் ஆயிற்று. அசைக்ளோவிர் என்னும் மருந்தை முதற்கண் செயற்படுத்துவது வைரஸின் தைமிடின் கைனேஸே. ஆதலால் நோயுற்ற உயிரணுவில்தான் மருந்து பெரிதும் வினைபுரிந்து, வைரஸின் படியெடுப்பைத் துண்டிக்கிறது. நல்ல உயிரணுக்கள் தப்புகின்றன. இம்மருந்தின் ஆக்கத்தில் பங்குகொண்ட ஜெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றவருள் ஒருவர்.

படியெடுப்பு நிகழும்போதே இம்மருந்து பயன்தரும். உறங்கும் வைரஸை அது தீண்டாது. எனவேதான் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பர். எழுதினும் எழுதாவிடினும் கொப்புளங்கள் சில வாரங்களில் ஆறிவிடும். எழுதியதால் ஆறியது என்னும் நம்பிக்கை இவ்வாறே வேரூன்றியது. ஆயினும் முதியோர் பலருக்கு நரம்புவலி மாதக்கணக்கில் நீடிக்கும். கண்ணருகே வரும் அக்கி பார்வையையே பறிக்கக்கூடும். காவியை நாடிச் செல்லும் முதியவரை அன்றே மருத்துவரிடமும் அழைத்துச் செல்வது, கற்ற இளைஞர் தம் இல்லத்துக்குச் செய்யத்தக்க எளிய தொண்டாகும்.