டப்பாவில் எழுதாத மருந்து

2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் பெண்கள் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்களில் ஒருவர் அஸ்வினி அக்குஞ்சி. அடுத்த ஆண்டே ஊக்கமருந்துச் சோதனையில் அவரும் சக வீராங்கனைகள் சிலரும் சிக்கினார்கள். சிறுநீரில் இருந்தது ஸ்டீராய்டு. பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கிவந்த ஜின்செங் மாத்திரையைத்தான் சாப்பிட்டோம் என்றார்கள். இந்திய விசாரணைக் குழு ஓராண்டுத் தடையோடு நிறுத்தியது. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012-இல் அதை இரண்டாண்டாக உயர்த்தியது. லண்டன் ஒலிம்பிக்கில் அஸ்வினியால் ஓட முடியவில்லை.

தெரியாமல் சாப்பிட்டவருக்கு ஏன் தண்டனை? உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘வாடா’வின் அடிப்படை விதி இதுதான்: உடலுக்குள் எது போனாலும் அதற்கு வீரரே பொறுப்பு. கலப்படத்தால் வந்தது என்று நிரூபித்தால் தண்டனை குறையலாம். நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான்.

சத்துப் பவுடர், மாத்திரை போன்ற சப்ளிமென்ட் டப்பாவுக்குள் தடை மருந்து எப்படி வருகிறது? சில நேரம் தயாரிப்பவர்களே வேண்டுமென்றே கலக்கிறார்கள். பவுடர் ‘வேலை செய்கிறது’ என்று வாங்குபவர் நம்ப வேண்டுமே! சில நேரம் கவனக்குறைவு. ஒரே இயந்திரத்தில் காலையில் ஹார்மோன் பொருளையும் மாலையில் புரோட்டீன் பவுடரையும் அரைத்தால், ஒட்டியிருந்த தூசி அடுத்த சரக்கில் கலந்துவிடும். சோதனையில் சிக்க அந்தத் தூசியே போதும். உடலுக்குள் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டாக மாறக்கூடிய ஒரு பொருளை ஓர் ஆய்வில் வெறும் 2.5 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். ஒரு கிராமை நான்கு லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு! அதற்கே சிலரின் சிறுநீர்ச் சோதனை முடிவு அனுமதித்த வரம்பைத் தாண்டியது.

இது அரிதாக நடப்பது என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 2000-2001-இல் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தது. அவற்றில் 94-இல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு பொருள்கள் இருந்தன. ஏறத்தாழ ஏழில் ஒன்று.

லேபிளில் எழுதியிருந்தாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். மெத்தில்ஹெக்ஸனமின் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கி, ‘டிஎம்ஏஏ’ என்றும் ‘ஜெரேனியம் சாறு’ என்றும் பெயர் மாறி வரும். செடியின் பெயரைப் பார்த்து மூலிகை என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள்.

ஓடுகிற, பளு தூக்குகிற தம்பி தங்கைகள் செய்ய வேண்டியவை சில. முதலில், அந்தப் பவுடர் உண்மையிலேயே தேவையா என்று மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள். முட்டை, பால், பருப்பு, சுண்டல், மீன் ஆகியவற்றிலேயே பெரும்பாலோருக்கு வேண்டிய புரதம் கிடைத்துவிடும். தேவைதான் என்றால், ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் சோதித்துச் சான்று தரும் ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ போன்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவில் உள்ள பேட்ச் எண் அந்தச் சான்றுப் பட்டியலில் இருக்க வேண்டும். பில்லையும் டப்பாவையும் கொஞ்சம் பவுடரையும் பத்திரமாக வையுங்கள். பிரச்சினை வந்தால் அவைதான் சாட்சி. சோதனைக்கு அழைக்கும்போது, சாப்பிட்ட மருந்து, சப்ளிமென்ட் அனைத்தையும் படிவத்தில் எழுதுங்கள்.

முத்திரை ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது. ஜிம்மில் அண்ணன் கொடுத்தாலும், கோச்சே கையில் கொடுத்தாலும், விசாரிக்காமல் வாயில் போடாதீர்கள். தடை வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும்.