மொய்க் கவர் வாசலை அடைக்க வேண்டாம்



சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் என் மூத்த மகளின் திருமணம் நடைபெற்றது. எங்கள் சபையின் குடும்பங்கள் யாவும் வந்திருந்தன. ஒரு குடும்பம் மாத்திரம் வரவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குச் சென்று விசாரித்தேன். தச்சு வேலை செய்யும் அந்தச் சகோதரனுக்கு இரண்டு மாதமாக வேலையில்லை. அவர் தலைகுனிந்திருக்க, அவர் மனைவியே பேசினார்: "எங்க கலியாணத்துல நீங்க ஐநூத்தி ஒண்ணு எழுதுனீங்க, பாஸ்டர் ஐயா. அதைத் திருப்பி எழுதாம எப்படி வாறது?"

அவ்வார்த்தை என் உள்ளத்தில் தைத்தது. அன்போடு நான் கொடுத்த பணமே அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டதே!

மொய் தீய வழக்கமன்று. வங்கியின் படியேற இயலாத காலத்தில், கலியாணச் செலவைத் தனியொரு குடும்பம் சுமக்காதபடிக்கு உறவும் ஊரும் கூடிக் கொடுத்த வட்டியில்லாக் கைமாற்று அது. மொய்த்தல் என்றாலே கூடி நெருங்குதல் என்று பொருள். கன்னடரும் இதனை முய்யி என்பர். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி வட்டாரங்களில் பணம் திரட்டுவதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள்.

ஆனால் கிராமத்தில் ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் எழுதாவிட்டால், ஊர் புரிந்துகொள்ளும். நகரத்திலோ வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்குப் போகும் ரயில் செலவு ஆகியவற்றின் நடுவே ஒரே மாதத்தில் மூன்று நான்கு அழைப்பிதழ்கள் வருகின்றன. மொய் நோட்டு நம்மோடு ரயிலேறி வந்தது; நம் நிலையறிந்த ஊர் வரவில்லை.

ஆகையால் கொடுப்போர் சிலவற்றை மனதிற்கொள்வது நல்லது. முதலாவது, உங்கள் பெலத்துக்குத் தக்கதைக் கொடுங்கள். கடன் வாங்கி மொய் எழுதாதேயுங்கள். முன்பு வாங்கியதைச் சற்றுக் கூட்டித் திருப்பி எழுதுவது வழக்கமே. இன்று இயலாவிட்டால், சிறிய தொகையோடு போய் வாழ்த்திவிட்டு, மீதியை அவர்கள் வீட்டின் வேறொரு காரியத்தில் செய்யலாம். போகாதிருப்பதே பெரிய குறை.

இரண்டாவது, 101, 501, 1001 என்று ஒரு ரூபாய் கூட்டிக் கொடுங்கள். முழுத்தொகை கணக்கை முடித்துவிடும், மேலுள்ள ஒரு ரூபாய் உறவைத் தொடரும் என்பது பெரியோர் சொல்லும் விளக்கம். வடநாட்டார் ஷகுன் கொடுக்கும் கவரிலும் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள்.

மூன்றாவது, கவரின்மேல் பெயரோடு சொந்த ஊரையும் இப்போது குடியிருக்கும் இடத்தையும் தெளிவாய் எழுதுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பர். நோட்டுகளில் பின் குத்தவோ எழுதவோ வேண்டாம். செல்பேசி வழியாய் அனுப்பினால், யாருடைய கலியாணத்துக்கு என்று குறிப்பிடுங்கள்.

நான்காவது, மராத்தி அயலார் அழைப்பிதழில் ஆஹேர் கொண்டுவர வேண்டாம் என்று அச்சிட்டிருந்தால், அதை மதியுங்கள். வற்புறுத்திக் கையில் திணிப்பது மரியாதையன்று.

இனி, கலியாணம் நடத்தும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். தொகையை ஒலிபெருக்கியில் வாசிக்காதேயுங்கள். பந்தியிலிருப்பவர் முன்பாகக் கவரைப் பிரிக்காதேயுங்கள். நோட்டு எழுத நம்பிக்கையான ஒருவரை வையுங்கள். மொய்ப்பணம் செலவுக்கா, மணமக்களுக்கா என்பதை இரு வீட்டாரும் முன்னமே பேசி முடித்தால், பின்னால் மனக்கசப்பு வராது.

சட்டத்தையும் அறிந்திருங்கள். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகளின்படி, மணமக்களுக்குக் கேட்காமல் வந்த பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி, கொடுத்தவர் பெயர், உறவுமுறை, ஏறத்தாழ மதிப்பு ஆகியவற்றைக் குறித்து, இருவரும் கையொப்பமிட வேண்டும். திருமணத்தை முன்னிட்டு மணமக்கள் பெறும் பரிசுக்கு வருமான வரி இல்லை. எனினும், 2017 ஏப்ரல் 1 முதல், ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாய் வாங்கக் கூடாது.

பிரியமானவர்களே, விருந்து பண்ணும்போது பதில் செய்ய இயலாதவர்களை அழையுங்கள் என்று நம் ஆண்டவர் போதித்தார். இதை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். என் வீட்டு விருந்தில்தான் அதன் பொருளைக் கற்றேன்.

என் இளைய மகளின் திருமணத்துக்கு முன்பு அந்தத் தச்சரின் வீட்டுக்கு நானே நேரில் போனேன். "பழைய கணக்கு ஒன்றும் இல்லை, தம்பி. குடும்பத்தோடு வந்து சாப்பிட வேண்டும்; அதுவே எங்களுக்கு மொய்" என்றேன். பிள்ளைகளோடு வந்தார்கள். அவர் கொடுத்த கவரில் 51 ரூபாய் இருந்தது. என் அண்ணன் எழுதிய தொகைக்கு அடுத்த வரியில் அதை எழுதச் சொன்னேன்.

வாசகரே, உங்கள் வீட்டிலும் ஒரு மொய் நோட்டு இருக்கும். இன்று அதை எடுத்துப் புரட்டுங்கள். யார் எவ்வளவு எழுதினார் என்று பார்ப்பதற்காக அல்ல. அழைத்தும் பெயரில்லாதவர் யார் என்று பார்ப்பதற்காக. இந்த வாரமே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.