வெயில் காயும் ஊரில் வெயில் படாத உடல்கள்

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழகம் நிற்பதற்குத் தூத்துக்குடி உப்பளங்களே முதற்காரணம். கடல்நீரைப் பாத்தியில் தேக்கினால் மிச்ச வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும் ஊர் இது. இங்கே உழைக்கிற ஒருவருக்கு வைட்டமின் டி குறைவு என்று மருத்துவர் சொன்னால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஊரில் அடிக்கிற வெயில் வேறு, உடம்பில் படுகிற வெயில் வேறு. இரண்டுக்கும் நடுவே வேலை நேரம் நிற்கிறது. ஆகவே இந்தக் குறைபாட்டை மருந்துச் சீட்டோடு முடித்துவிடக் கூடாது. இது தொழிலாளர் நலப் பிரச்சினையும்கூட.

தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின் மீது புற ஊதா பி கதிர் படும்போதுதான் வைட்டமின் டி உருவாகத் தொடங்கும். சூரியன் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் அந்தக் கதிரைக் காற்று மண்டலம் பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயண் குழுவினர் நடத்திய ஆய்வில், காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் இது நன்றாக நடக்கிறது என்று தெரிந்தது. இளங்காலை வெயிலில் நடந்தால் போதும் என்று நம் வீடுகளில் சொல்லப்படும் யோசனை மற்ற வகையில் நல்லதாயிருக்கலாம், வைட்டமின் டிக்கு அதிகம் உதவாது. கண்ணாடி வழியே வரும் வெயிலும் உதவாது. நம்முடையதைப் போன்ற கருத்த தோலுக்கு வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். இதே குழுவினர் 2007இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், வைட்டமின் டி கிராமத்து ஆண்களின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சராசரி 24 நானோகிராம் அளவிலும், நகரத்து ஆண்களிடம் 18.5 அளவிலும் இருந்தது. 20க்குக் கீழே போனால் குறைபாடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒரே வட்டாரம், ஒரே வானம். பிழைப்பும் வாழ்க்கை முறையும்தான் வேறு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியிட்ட தொகுப்பும் இதையே சொல்கிறது: ஷிப்ட் முறையில் உழைப்பவர்களில் 80 சதவீதம் பேருக்கும், கூரைக்குள் வேலை பார்ப்பவர்களில் 78 சதவீதம் பேருக்கும் குறைபாடு. வெளியில் உழைப்பவர்களில் அது 48 சதவீதம்.

முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய இந்தக் கரையின் பழைய தொழிலை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. கரைக்காற்றில் இரவோடு பாய் விரித்துப் புறப்பட்டு, விடியலில் முத்துப்பாரை அடைந்து, நண்பகல் வரை வெற்றுடம்போடு முங்கி எடுத்து, கடற்காற்றில் திரும்பினார்கள். உயிரைப் பணயம் வைத்த வேலை அது, அதற்கு ஏக்கம் கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அதன் நேரத்தைக் காற்று வகுத்தது. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளோடு அது நின்றுபோனது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இன்று இரவிலும் கப்பலில் சரக்கு ஏறி இறங்குகிறது. கிரேன் ஓட்டுபவர் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறார். அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னலே தேவையில்லை. மீன் பதப்படுத்தும் ஆலைகளில் பெண்கள் குளிரூட்டிய கூடத்தில் உறையும் தொப்பியும் அணிந்து நின்றபடி இறால் உரிக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர் உறங்கும் நேரம்தான் அந்த 11 முதல் 2 மணி. வேலை நேரம் உடம்பை என்ன செய்யும் என்பது இந்த ஊருக்குப் புதிய செய்தி அல்ல. 1908இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் கேட்டார்கள்.

அப்படியானால் எல்லாரையும் மதிய வெயிலில் நிறுத்தலாமே என்று கேட்கலாம். இதற்கு உப்பளமே பதில் சொல்லும். தமிழக உப்பளங்கள் ஏழில் 352 தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் பரிசோதித்து 2023இல் வெளியிட்ட முடிவு கவலை தருவது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. கண் கூசும் வெள்ளைப் பரப்பில் தலையில் துண்டும் உடம்பில் முழுக்கைச் சட்டையுமாக நிற்பவரை இன்னும் வெயில் காயச் சொல்வது கொடுமை. முகத்திலும் கையிலும் காலிலும் வெயில் படும்படி சிறிது நேரம் நின்றால் போதும். நாள் முழுதும் வறுபடுவது வேறு விஷயம்.

மாத்திரை இருக்கிறதே என்பது அடுத்த வாதம். குறைபாடு உள்ளவருக்கு அது பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சூரிக் நகரில் களைப்போடு இருந்த, வைட்டமின் டி குறைந்த 120 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து எடுத்தவர்களுக்கு நான்கு வாரத்தில் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அசதி தெளிவாகக் குறைந்தது. ஆனால் சிறு குழு, குறுகிய காலம், குறைபாடு உள்ளவர்கள் மட்டும். ஆரோக்கியமான எல்லாருக்கும் ரத்தத்தில் இதைப் பரிசோதிப்பது வேண்டாம் என்று ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சங்கமே 2024இல் அறிவுறுத்தியிருக்கிறது. வாரம் ஒன்று என எழுதித்தரப்படும் 60,000 யூனிட் மருந்தைத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடலாம். இன்னொன்றும் உண்டு. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இறால் உரிக்கும் பெண்ணின் அசதிக்கு முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். தைராய்டும் சர்க்கரையும் தூக்கமும் அடுத்து வரும். வைட்டமின் டி அந்த வரிசையில் ஒன்று. அதை ஒதுக்கவும் கூடாது, எல்லாப் பழியையும் அதன் தலையில் போடவும் கூடாது.

எனக்குச் சரியென்று படுவது இதுதான். ஒருவரை மாதக்கணக்கில் இரவு ஷிப்டிலேயே வைக்காதீர்கள், சுழற்சி தாருங்கள். உள்ளே நிற்பவருக்குப் பகலில் வெளியே வர ஓர் இடைவேளை விடுங்கள். உப்பளத்தில் நிழலும் குடிநீரும் கட்டாயமாகட்டும். ஆலை உணவில் சாளை மீனும் முட்டையும் சேரட்டும், கரையில் மலிவாகக் கிடைக்கிற சாளை வைட்டமின் டி மிக்கது. பணியிடத்துக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2024இல் தமிழக அரசு தொடங்கியது. அந்தக் குழு துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் இறால் ஆலைக்கும் வரும்போது, ஹீமோகுளோபின் பரிசோதனையையும் கூடவே செய்ய வேண்டும். நாள்பட்ட உடல்வலியும் தசைத் தளர்ச்சியும் உள்ளவர்களுக்கு மட்டும் வைட்டமின் டி பார்க்கட்டும். இதை அரசு தாமதிக்காமல் செய்ய வேண்டும்.