26 ஃபிரேம்களுக்குள் ஒரு முடிவு

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' ஆட்டத்தில் தங்கம் வென்ற தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. மின்விளையாட்டு என்றாலே பதின்ம வயதுப் பையன்களின் விரல்வேகம் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய புதிர். கண்ணில் பட்டதற்குக் கை அசையும் வேகம் இருபதுகளிலிருந்தே மெல்லக் குறையத் தொடங்கிவிடுகிறதே! இளையவர்களை அவர் எதைக் கொண்டு வென்றார்?

'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' போன்ற சண்டை விளையாட்டுகளில் காலத்தை ஃபிரேம், அதாவது திரையில் மாறும் படங்களின், கணக்கில்தான் அளப்பார்கள். நொடிக்கு 60 ஃபிரேம். ஒன்றுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' ஆட்டத்தில் மிக வேகமான குத்து 4 ஃபிரேமில் வந்து விழும். அதாவது 67 மில்லிநொடி. விளக்கு எரிந்ததும் பொத்தானைத் தட்டு என்று சொன்னால்கூட நமக்கு 200 முதல் 250 மில்லிநொடி ஆகிறது. எனவே அந்தக் குத்தைப் பார்த்துத் தடுக்க எவராலும் முடியாது. 'டிரைவ் இம்பாக்ட்' என்னும் பெரிய அடிக்கோ 26 ஃபிரேம், அதாவது 433 மில்லிநொடி. தாராளமான நேரம்தான். ஆனாலும் பயிற்சியில் பத்துக்குப் பத்து தடுத்தவர், நிஜ ஆட்டத்தில் அதே அடியை வாங்கி விழுகிறார்.

இதற்கான விடை, இந்த விளையாட்டுகள் பிறப்பதற்கு வெகுமுன்பே கிடைத்துவிட்டது. 1952இல் டபிள்யூ. ஈ. ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், விளக்குகளின் எண்ணிக்கையை மாற்றி மாற்றி, எரியும் விளக்குக்குரிய பொத்தானை அழுத்தச் சொன்னார். எதிர்பார்க்க வேண்டியவை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விடை ஏறக்குறைய ஒரே அளவு தாமதமானது. பயிற்சி அறையில் காத்திருப்பது ஓர் அடிக்கு மட்டும். ஆட்டத்திலோ எதிராளி குதிப்பானா, பிடித்து எறிவானா, தாழ்வாக உதைப்பானா என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காத்திருக்கிறோம். தாமதம் விரலில் இல்லை, தேர்வில் இருக்கிறது.

எனக்கு இன்னும் வியப்பளிப்பது 1959இல் மௌப்ரே, ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கண்டது. ஒருவரைப் பல்லாயிரம் முறை பழக்கியபோது, இரண்டு விளக்குக்கும் நான்கு விளக்குக்கும் இடையிலான அந்தத் தாமத வேறுபாடே மறைந்துவிட்டது. தேர்வு என்பது தேர்வாகவே தோன்றாத நிலைக்கு மூளை போய்விடுகிறது!

விடையின் அடுத்த பாதி முன்கணிப்பு. மலேசியாவின் பினாங்குத் தீவுக்காரர்கள் இதற்குச் சான்று தேடி வெளியே போக வேண்டாம். ஜார்ஜ்டவுனில் பிறந்த நிக்கோல் டேவிட், ஸ்குவாஷில் 2006 முதல் 2015 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் உலகின் முதல் நிலையில் இருந்தார்; எட்டு முறை உலகப் பட்டம் வென்றார். அந்த ஆட்டத்தைத்தான் ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்னெத்தி ஆராய்ந்தார். எதிராளி அடிக்கும் காட்சியைப் படமாக ஓட்டி, மட்டை பந்தைத் தொடுமுன்பே நிறுத்தி, பந்து எங்கே போகும் என்று கேட்டார். தேர்ந்தவர்கள் பந்து பறக்குமுன்பே, கையும் மட்டையும் அசையும் விதத்திலிருந்து புதியவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். 1990இல் வெளிவந்த ஆய்வு இது. சண்டை விளையாட்டிலும் அப்படித்தான்: எதிராளி நிற்கும் தூரம், மிச்சமிருக்கும் சக்தி, சற்றுமுன் அவன் செய்தது எல்லாம் சேர்ந்து எட்டு வாய்ப்புகளை இரண்டாகச் சுருக்கிவிடுகின்றன.

அப்படியானால், பினாங்கின் பாயான் லெப்பாசில் ஆலை ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர் தனக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடலாம்? ஒரே காம்போவை, அதாவது தொடர் அடிகளை, நூறு முறை அடிப்பது சுகமானது. கைக்கு வந்துவிட்டது போலவே இருக்கும். அந்த உணர்வை நம்பக் கூடாது. 1979இல் ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையில், மூன்று கையசைவுகளில் ஒன்றைப் பழகி முடித்த பிறகே அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' பயிற்சிப் பகுதியில் பொம்மை எதிராளிக்குப் பல அசைவுகளைப் பதிந்து, முறையின்றி மாறி மாறி ஓடவிடலாம். குதிப்பு, பிடி, டிரைவ் இம்பாக்ட் மூன்றையும் பதிந்து அரை மணி நேரம் தடுக்கட்டும். நிறையத் தவறும், தவறட்டும். மீதி நேரத்தில் ஆடிவிட்டு, தோற்ற ஓர் ஆட்டத்தின் பதிவைப் போட்டு, அடி விழுவதற்கு ஒரு நொடி முன்பு நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று தன்னையே கேட்டுப் பார்க்கட்டும். அபர்னெத்தியின் சோதனையை வீட்டிலேயே செய்வதுதான் இது.

இணையத்தில் ஆடுவோர் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பினாங்கிலிருந்து தோக்கியோ 5,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். எவ்வளவு பணம் கட்டிய இணைப்பானாலும் எதிராளியின் அசைவு வந்து சேர 25 மில்லிநொடியாவது ஆகும். அந்த 26 ஃபிரேம் அடியில் ஏறத்தாழ ஒன்றரை ஃபிரேம் வழியிலேயே கழிந்துவிடும். அதனால் தீவுக்குள்ளேயே, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆட ஓர் ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.