பசியை யார் எண்ணுவது?

துபாய்க் கிடங்கு ஒன்றில் கிடந்த சுமார் 500 டன் சத்து பிஸ்கட்டை அமெரிக்க அரசு எரிக்கப்போகிறது என்ற செய்தி 2025 ஜூலையில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்கென்று வாங்கியவை அவை. அனுப்பச் சொல்லி உத்தரவு போட ஆளில்லாமல் காலாவதியாகும் நிலைக்கு வந்துவிட்டன. யாருக்கும் ஆத்திரம் வரத்தான் செய்யும். ஆனால் அதற்கு ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே, ஜனவரி கடைசியில், இதைவிடப் பெரிய சேதம் ஒன்று நடந்திருந்தது. அதில் எரிக்க ஒன்றும் இல்லை, எனவே படம் எடுக்கவும் ஒன்றும் இல்லை. எந்த நாட்டில், எந்த வட்டாரத்தில், இன்னும் எத்தனை மாதத்தில் பஞ்சம் வரும் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஓர் அமைப்பின் இணையதளம் திடீரென்று நின்றுபோனது. அடுத்த மாதமே, தொண்ணூறு நாடுகளுக்குமேல் குழந்தைச் சாவையும் தாய்மார் நலனையும் கணக்கெடுத்துவந்த இன்னொரு திட்டத்தின் ஒப்பந்தமும் ரத்தானது. உதவி நின்றால் சோறு நிற்கும், மருந்து நிற்கும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. கணக்கு நின்றது அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. பசியை எண்ணும் வேலையை ஒரே ஒரு நாட்டின் கஜானாவை நம்பி விட்டுவைத்தது தவறு. அதைத் தூக்கி அந்தந்த அரசின் கையில் மட்டும் கொடுத்துவிடுவதும் அதே அளவு தவறு. இதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற டிரம்ப், அன்றே வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்தார். கென்னடி காலத்தில், 1961-ல் தொடங்கப்பட்ட யுஎஸ்எய்ட் நிறுவனத்தின் திட்டங்களில் 83 விழுக்காடு ரத்து என்று மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் ரூபியோ அறிவித்தார். ஜூலை 1-ஆம் தேதியோடு அந்த நிறுவனத்தின் கதையே முடிந்தது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போகிறது. ஜெர்மனியும் பிரான்ஸும் கையைச் சுருக்கிக்கொண்டன. வருமானத்தில் 0.7 விழுக்காட்டைப் பணக்கார நாடுகள் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-ல் தீர்மானம் போட்டது. 2024-ல் அதை எட்டியவை நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்சம்பர்க் என்ற நான்கு நாடுகள் மட்டுமே. 2025 ஜூன் கடைசியில் ஸ்பெயினின் செவில் நகரில் வளர்ச்சி நிதிக்கான ஐ.நா. மாநாடு கூடியபோது அமெரிக்கா அந்தப் பக்கமே வரவில்லை.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். 1984-ல் எத்தியோப்பியாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்த பிறகு, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி வேண்டும் என்று அமெரிக்கா 1985-ல் உருவாக்கியதுதான் பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பான ஃபியூஸ் நெட். மழை அளவு, செயற்கைக்கோளில் தெரியும் பயிர்ப் பச்சை, சண்டை நடக்கும் பகுதிகள் இவற்றோடு சந்தை விலையையும் அது விடாமல் பார்த்துவந்தது. ஆடு மாடு மேய்ப்பவர்கள் அதிகமுள்ள சோமாலியா போன்ற இடங்களில் மிகவும் கூர்மையான அடையாளம் என்ன தெரியுமா? ஓர் ஆட்டை விற்றால் எத்தனை கிலோ சோளம் வாங்கலாம் என்பது. மழை பொய்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வருவார்கள், ஆட்டு விலை சரியும். அதே சமயம் சோளம் ஏறும். சந்தையில் தானியம் குவிந்திருக்கும்போதே ஒரு குடும்பம் பட்டினிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். பஞ்சம் என்றால் தானியம் இல்லாமை மட்டுமல்ல, அதை வாங்கும் சக்தி போய்விடுவதும்தான் என்று 1981-ல் வெளிவந்த தன் நூலில் அமர்த்தியா சென் விளக்கியதைச் சந்தைதோறும் கண்காணிக்கும் ஏற்பாடு இது என்று சொல்லலாம்.

இரண்டாவது, 1984-ல் தொடங்கிய மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம். பிறப்பும் இறப்பும் ஒழுங்காகப் பதிவாகாத நாட்டில் ஐந்து வயதுக்குள் எத்தனை குழந்தைகள் சாகின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குத்தான் பிறப்புப் பதிவு இருக்கிறது. சாவுப் பதிவு அதைவிட மோசம். ஆகவே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் வீட்டுக்கு வந்து, தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்: உங்களுக்கு எத்தனை குழந்தை பிறந்தது? முதல் குழந்தை எந்த மாதம், எந்த வருடம்? உயிரோடு இருக்கிறதா? இல்லையென்றால் எத்தனை நாளில், எத்தனை மாதத்தில் போனது? ஒவ்வொரு பிரசவத்துக்கும் இதே கேள்விகள். ஆயிரக்கணக்கான தாய்மார் இப்படிச் சொல்லும் பதில்களில் இருந்துதான் ஒரு நாட்டின் குழந்தைச் சாவு விகிதம் உருவாகிறது. 1990-ல் ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சத்துக்குமேல் இருந்த குழந்தைச் சாவு, இப்போது ஐம்பது லட்சத்துக்குக் கீழே வந்திருக்கிறது என்று நாம் நம்பிக்கையோடு சொல்வதற்கு இப்படிப்பட்ட பதில்களும் ஒரு முக்கியக் காரணம்.

அவசர காலத்தில் இவ்வளவு நீளமான விசாரணைக்கு நேரம் இருக்காது. அப்போது பயன்படுவது ஒரு நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றிப் பார்ப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்குமேல் இருந்தால் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு. பெரியவர் ஒருவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துச் சேர்க்கும் வட்டத்துக்குள் சிவப்புக் குழந்தையின் கை தளர்வாகவே அடங்கிவிடும். அந்தக் குழந்தைக்கு அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். நாடாவுக்கு விலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அதைப் பிடிக்கத் தெரிந்த கையும், அளவை எழுதிவைக்கும் ஏடும், ஏட்டைச் சேர்த்துப் பார்க்கும் அலுவலகமும்தான் செலவு. 2025-ல் உதைபட்டவை இவைதான்.

எதிர்க்கேள்விகள் இல்லாமல் இல்லை. முதலாவது: எண்ணினால் வயிறு நிறையுமா? இருக்கிற கொஞ்சப் பணத்தைச் சோற்றுக்குச் செலவழிக்காமல் புள்ளிவிவரத்துக்கு ஏன் என்பது நியாயமான கேள்வி. அதற்குச் சான்றாக 2011 சோமாலியாவையே காட்டலாம். மழை பொய்க்கும் என்று முந்தைய ஆண்டே எச்சரிக்கை வந்தது, மாதாமாதம் வந்தது, உலகம் அசையவில்லை. ஜூலையில் பஞ்சம் என்று அறிவித்த பிறகுதான் பணம் கொட்டியது. பின்னாளில் நடந்த ஆய்வு ஏறத்தாழ 2,58,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. அவர்களில் பாதிப்பேர், அறிவிப்பு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். ஆக, எச்சரிக்கை தானாக யாரையும் காப்பாற்றாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு இல்லாதிருந்தால் உலகம் அசையாமல் இருந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. அந்த அவமானத்தின் உறுத்தலால்தான் 2016, 2017-ல் சோமாலியாவில் மறுபடி மழை பொய்த்தபோது நிவாரணம் முன்கூட்டியே வந்தது, பெரும்பஞ்சம் தவிர்க்கப்பட்டது.

இரண்டாவது கேள்வி கனமானது. ஒவ்வொரு நாடும் தன் மக்களைத் தானே எண்ணிக்கொள்ளட்டுமே, அதற்கும் வெளியாள் எதற்கு? சுயமரியாதை உள்ள எந்த நாடும் இப்படித்தான் கேட்கும், கேட்கவும் வேண்டும். இதற்குப் பதில் நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. 1876 முதல் 1878 வரை நடந்ததை நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். அப்போது நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம் போதும் என்றார் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். அதில் ஆள் பிழைக்க முடியாது என்று மோதினார் சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்குமேல் மாண்டதாகக் கணக்கு. அதன்பின் அமைந்த ஆணையத்தின் 1880 அறிக்கையில் இருந்து பிறந்தவைதான் பஞ்ச விதித்தொகுப்புகள். தானிய விலை ஏறுகிறதா, மக்கள் கூட்டம் கூட்டமாக ஊர் ஊராக அலைகிறார்களா, சில்லறைத் திருட்டு கூடுகிறதா என்று பார்க்கச் சொன்னது விதி. குறைந்த கூலியில் சோதனை வேலை திறந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணச் சொன்னது. இன்று உலகம் பயன்படுத்தும் முன்னெச்சரிக்கை முறைகளுக்கெல்லாம் மூதாதை அது.

அந்த விதித்தொகுப்பு கையில் இருந்தும் 1943-ல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேர்வரை செத்தார்கள். காரணம் எளிது. பஞ்சம் என்று அறிவித்தால் விதிப்படி எல்லோருக்கும் படியளக்க வேண்டும், அளக்கத் தானியம் இல்லை, ஆகவே அறிவிக்கவே இல்லை. அளக்கும் அதிகாரமும் பதில் சொல்லும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கை நாடாவை மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும். அது வெள்ளையர் ஆட்சி என்று தள்ளிவிட முடியாது. 2017-18-ல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவை, தரம் சரியில்லை என்று சொல்லி 2019-ல் வெளியிடாமல் நிறுத்தியது நம் ஒன்றிய அரசு. 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டது. சூடானில் இன்னும் அப்பட்டம். இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று 2024 ஆகஸ்டில் உறுதியானது. டிசம்பரில் அடுத்த அறிக்கை வெளிவரும் தறுவாயில், உணவு நெருக்கடியை ஐந்து படிகளாகத் தரம்பிரிக்கும் ஐபிசி என்ற பன்னாட்டு ஏற்பாட்டில் இருந்தே அந்நாட்டு அரசு விலகிக்கொண்டது.

அப்படியானால் கொடுக்கும் நாடுகளே அளக்கட்டும் என்று முடித்துவிடலாமா? அங்கேயும் இடிக்கிறது. ஃபியூஸ் நெட் 2024 டிசம்பரில் காசாவின் வடபகுதியில் பஞ்சம் நெருங்குவதாக எழுதியது. இஸ்ரேலுக்கான அமெரிக்கத் தூதர் ஜாக் லூ பகிரங்கமாகக் கண்டித்தார், அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. டிரம்ப் வருவதற்கு முன் நடந்தது இது என்பதைக் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று காசா நகர வட்டாரத்தில் பஞ்சம் என்று ஐபிசி அறிவித்தபோது, அளவுகோலையே தளர்த்திவிட்டதாக இஸ்ரேல் குற்றம் சாட்டியது. குழந்தைகளை எடைபோட்டு உயரம் பார்க்க வழியில்லாத இடத்தில் கைச் சுற்றளவை வைத்துக் கணித்தார்கள். அந்த வழி ஐபிசியின் விதிமுறைக்குள் உள்ளதுதான். இந்த விஷயத்தில் ஐபிசியின் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனாலும் அளவுகோலைப் பற்றி இப்படிச் சண்டை போட முடிந்ததே, கணக்கும் அதை எடுத்த முறையும் பொதுவெளியில் இருந்ததால்தான். மறைத்துவைத்த எண்ணோடு யாரும் சண்டை போட முடியாது. வெளிநாட்டுக் கணக்கைக் கைவிட்ட அதே அமெரிக்க அரசு, சொந்த நாட்டில் எத்தனை குடும்பங்கள் பசியோடு இருக்கின்றன என்று ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த அறிக்கையையும் 2025 செப்டம்பரில் நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது. வெளியூர்ப் பசியை எண்ண மனமில்லாதவர்கள் உள்ளூர்ப் பசியை மட்டும் எண்ணுவார்களா என்ன!

செயற்கைக்கோள் இருக்கிறது, செல்போன் இருக்கிறது, இனி வீடு வீடாகப் போவானேன் என்பவர்களும் உண்டு. மழையையும் பயிரையும் வானத்தில் இருந்து பார்க்கலாம், குழந்தையின் கையைப் பார்க்க முடியாது. அதற்குமேல் இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

அப்படியானால் எப்படி அமைய வேண்டும்? முன்னுதாரணம் ஓரளவு நம்மிடமே இருக்கிறது. 1992-93-ல் தொடங்கிய நம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, மேலே சொன்ன மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு என்ற அமெரிக்கத் திட்டத்தின் தொழில்நுட்ப உதவியோடு வளர்ந்தது. நடத்துவது மும்பையில் உள்ள இந்திய நிறுவனம், கேள்விகளோ பிற நாடுகளோடு ஒப்பிடத்தக்க பொது வார்ப்பில் அமைந்தவை. தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்குமேல் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வது 2019-21 சுற்றின் எண்ணை வைத்துத்தான். நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, பாதிக்குமேற்பட்ட குழந்தைகளுக்கு ரத்தசோகை என்று தலை குனியவைப்பதும் அதே சுற்றுதான். ஆக, எடுப்பது உள்ளூர் ஆட்களாக இருக்கட்டும். முறை எல்லா நாட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும். பணம் பல நாடுகளும் அறக்கட்டளைகளும் சேர்ந்து போடும் தொகுப்பில் இருந்து வரட்டும், ஒருவர் கையை உதறினாலும் வேலை நிற்காத அளவுக்கு. வெளியிடும் தேதியை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும், எந்த அமைச்சரும் எந்தத் தூதரும் தள்ளிப்போட முடியாதபடி. பிறருக்கு உதவும் நாடாக வளர்ந்துவிட்ட இந்தியா இந்தத் தொகுப்பில் பங்கு போடுவதில் தப்பில்லை. அரிசி மூட்டைமேல் கொடியை அச்சடிப்பதுபோல இதில் பெயர் போட்டுக்கொள்ள முடியாது என்பதுதான் சிக்கல். கொடுக்கும் அரசுகளுக்குக் கணக்கெடுப்பில் எப்போதுமே ஆர்வம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவசரமும் இருக்கிறது. ஃபியூஸ் நெட் சில மாதங்களில் ஓரளவு உயிர்பெற்றது. பாதியில் நின்ற கணக்கெடுப்புகளில் சிலவற்றை முடிக்க கேட்ஸ் அறக்கட்டளை இடைக்கால நிதி கொடுத்தது. இவை ஒட்டுப்போடும் வேலைகள். பட்டினியை ஒழிப்பது, குழந்தைச் சாவைக் குறைப்பது உள்ளிட்ட ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளுக்குக் கெடு 2030. எந்த நாடு எட்டியது, எது தவறியது என்று அன்று சொல்ல வேண்டுமானால், 2028, 2029-க்குள் களத்தில் எண்ணி முடித்திருக்க வேண்டும். ஒரு நாட்டில் கேள்வித்தாளை அந்தந்த மொழியில் தயாரித்து, ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் வந்து, சரிபார்த்து வெளியிட ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பிடிக்கும். பயிற்சி பெற்ற பழைய ஆட்களோ சம்பளம் நின்றதும் வேறு வேலை தேடிப் போக வேண்டியதாயிற்று.