தேய்வது மறுகால் மூட்டு

ஒரு காலை இழந்து செயற்கைக் காலுடன் நடப்பவரைக் காண்போரின் கவனம் அந்தச் செயற்கைக் காலின்மீதே படிகிறது என்றாலும், ஆண்டுகள் செல்லச்செல்ல அவருக்கு வலி கொடுக்கத் தொடங்குவது பல வேளைகளில் எதிர்ப்பக்கத்து நல்ல முழங்கால்தான். மூட்டுத் தேய்மானம், அதாவது எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு அரைபட்டுக் குறைவது, இவர்களின் மறுகாலில் பிறரைவிட மிகுதியாகக் காணப்படுவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. செயற்கைக் கால் பூட்டிய பக்கத்து இடுப்பெலும்போ போதிய சுமை பெறாமல் திண்மை குன்றுகிறது.

இதற்கு மூலம் இழந்துபோன கணுக்கால். நடையில் உடலை முன்னே உந்தித் தள்ளுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசையே. அத்தசையும் கணுக்காலும் இல்லாதபோது உந்துதல் குறைந்து, உடல் மறுகாலின்மீது சற்று வேகமாகவே விழுகிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை தரையிலிருந்து ஏறுவதால் இந்த ஏற்றத்தாழ்வு மேலும் கூர்மையாகிறது.

கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் அறுவை மருத்துவர் பி.கே. சேத்தியும் 1960களின் இறுதியில் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், வெறுங்காலுடன் வயலில் இறங்கவும் சம்மணமிட்டு அமரவும் ஏற்றது. 1981இல் திருச்சிக்கருகே நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் அதை அணிந்தே மீண்டும் ஆடினார். அவர் கதை ‘மயூரி’ என்ற தெலுங்குப் படமானது. எனினும் ஜெய்ப்பூர் கால் ஓட்டத்திற்கென வடிவமைக்கப்பட்டதன்று. ஓடுவதற்கான கார்பன் இழைப் பிளேடு, வில்போல வளைந்து விசையைச் சேமித்துத் திருப்பித் தருகிறது; ஆனால் தசையைப்போலப் புதிதாக விசையை உண்டாக்க அதனால் இயலாது. எடை ஏறும்போது அமுங்கும் என்பதால் அதை மறுகாலைவிடச் சற்று நீளமாகவே பொருத்துகிறார்கள்.

ஓட்ட முறையில் முதலில் கவனிக்க வேண்டியது பாதத்தையன்று, எஞ்சிய காலை ஏந்தும் குழியான சாக்கெட்டை. திருப்பதி, சித்தூர் வெயிலில் வியர்வையால் அது வழுக்கும். நாள் முழுதும் நடந்தால் எஞ்சிய கால் சற்றுச் சுருங்கிச் சாக்கெட் தளரும். எஞ்சிய காலில் அணியும் உறையைக் கழற்றித் துடைத்து, தேவைப்பட்டால் மற்றோர் உறையைச் சேர்க்காதவர் தம்மையறியாமலே மறுகாலில் சாய்வார். அதன் பின்னரே அடியின் நீளத்தைச் சுருக்கி அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் பயிற்சிக்கு இடமுண்டு. இரு கால்களுமுள்ள ஓட்டக்காரர்களிடம் இந்த எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டியபோதே முழங்கால் ஏற்கும் சுமை குறைந்தது. புட்டத் தசைகளை வலுப்படுத்துவதும் உடன் நிகழ வேண்டும். நீரிழிவால் காலை இழந்தவர்களுக்கு மறுபாதத்தில் உணர்வு மங்கியிருக்கக்கூடும் என்பதால், ஓடியபின் அதைக் கண்ணால் பார்த்தே புண்ணைக் கண்டறிய வேண்டும்.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனையும், சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர் சி.எம்.சி.யும் இத்தகையோருக்குச் செயற்கைக் கால் பொருத்தும் இடங்கள். பயிற்சிக்காகத் திருமலை அடிவாரமான அலிபிரியிலிருந்து ஏறத்தாழ 3,550 படிகளில் ஏற விரும்புவோர் இம்மருத்துவமனைகளில் முதலில் மூட்டுகளைக் காட்டிக்கொள்வது நல்லது. ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே முழங்காலுக்குக் கடினம்: செயற்கைக் காலை முதலில் கீழ்ப்படியில் வைக்கும்போது, உடல் முழுவதையும் மெல்லத் தாழ்த்தும் வேலை மறுகால் மூட்டுக்கே வருகிறது. நடந்து ஏறி, பேருந்தில் இறங்கும் பக்தர்களின் பழக்கம் இவர்களுக்கு மிகவும் பொருந்தும்.