செய்தித்தாளின் மேல் எழுதிய நாட்குறிப்பு

ஆபிரிக்காவின் உட்பகுதிகளை ஆராய்ந்த டேவிட் லிவிங்ஸ்ரன் என்னும் பெயரை அறியாதார் நம்மிடையே சிலரே. நைல் நதியின் ஊற்றைத் தேடி அவர் அலைந்த வரலாற்றை நாம் பாடநூல்களிற் படித்திருக்கின்றோம். ஆயின், அவர் எழுதிவைத்த தாள்களின் வரலாறு அதனினும் சிந்தனைக்குரியது.

1871ஆம் ஆண்டில், இன்றைய கொங்கோ நாட்டிலுள்ள நியாங்வே என்னும் ஊரில் அவர் தங்கியிருந்தார். எழுதுதாளும் மையும் தீர்ந்துபோயின. ஆயினும் எழுதுவதை அவர் விட்டாரல்லர். பழைய இலண்டன் செய்தித்தாளொன்றை எடுத்து, அதன் அச்செழுத்துக்களுக்குக் குறுக்கே, செடியிலிருந்து செய்த மையினால் நாட்குறிப்பை எழுதிவந்தார்.

அவ்வாண்டு யூலை 15ஆம் நாள், அவ்வூர்ச் சந்தையிலே கூடியிருந்த மக்கள்மீது அடிமை வணிகரின் ஆட்கள் துப்பாக்கியாற் சுட்டனர். சந்தைக்கு வந்திருந்தோருட் பெரும்பாலோர் பெண்கள். உயிர் தப்ப எண்ணி லுவாலபா ஆற்றிற் பாய்ந்தோர் பலர் நீரில் மூழ்கி மாண்டனர். இறந்தோர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் என்று மதிப்பிடப்பட்டது. இக்கொடுமையைக் கண்ணாரக் கண்ட லிவிங்ஸ்ரனின் கூற்று இங்கிலாந்து மக்களின் உள்ளத்தை உலுக்கியது. 1873இல் சன்சிபார்த் தீவின் அடிமைச் சந்தை மூடப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

அதே ஆண்டில் லிவிங்ஸ்ரன் இறந்தார். சூமா, சூசி முதலிய ஆபிரிக்கத் தோழர்கள் அவருடைய உடலையும் உடைமைகளையும் பல மாதங்கள் காடுமேடெல்லாம் சுமந்து கடற்கரை சேர்த்தனர். 1874இல் அவருடைய குறிப்புக்கள் நூலாக வெளிவந்தன. ஆயின், சந்தைக் கொலையைப் பற்றி உலகம் அந்நூலிற் படித்தது, அவர் பின்னர் ஆறுதலாகத் திருத்தி எழுதிய படியையே. செய்தித்தாளில் எழுதிய மூலமோ, மை மங்கி, அச்செழுத்தோடு கலந்து, படிக்க முடியாததாய் ஸ்கொத்லாந்திலே கிடந்தது.

அறிஞர் சிலர் அத்தாள்களை வெவ்வேறு நிற ஒளிகளிலும், கண்ணுக்குப் புலனாகாத கதிர்களிலும் படம்பிடித்தனர். கையெழுத்து மையும் அச்சு மையும் ஒளியை ஏற்கும் வகை வேறாதலின், கணினியின் துணையால் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தெடுத்தனர். ஏறக்குறைய 140 ஆண்டுகளின் பின், 2011இல் மூலம் வெளியிடப்பட்டது.

அதிலே லிவிங்ஸ்ரன் தம் சொந்த ஆட்களின் முரட்டு நடத்தையை நொந்து எழுதியிருந்தார். திருத்திய படியில் அவற்றுட் பல விடுபட்டிருந்தன. அவ்வாட்களுட் சிலருக்கும் அக்கொலையிற் பங்கிருந்திருக்கலாம் என அவர் அஞ்சினார்போலும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இதனால் அவருடைய பெருமை குன்றிவிடுமோ? குன்றாது என்பதே நம் கருத்து. அடிமை வணிகத்தை அவர் வெறுத்தது மெய்; தம் ஆட்களை எண்ணிக் கலங்கியதும் மெய். திருத்திய படி முதலாவதைக் காட்டியது. பழந்தாளோ இரண்டையும் காட்டுகின்றது. பெரியோர் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம் இரண்டையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.